பழைய காயின் பாக்ஸ் போனுக்கு மறுவாழ்வு: காசு போடாமலே பேசலாம்... எப்படி?

மொபைல் தொலைந்துவிட்டது, அல்லது சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவசரமாக ஒருவரிடம் பேசணும். என்ன செய்வது? ஒருகாலத்தில் இதற்குத்தான் தெருமுனையில் காயின் பாக்ஸ் போன் இருந்தது. மொபைல் வந்ததும் காணாமல்போன அந்த போன், சில நாடுகளில் புது தொழில்நுட்பத்தோடு மறுபடி ஒலிக்கிறது.

உள்ளே என்ன மாற்றம்?

போனின் வெளித்தோற்றம், ரிசீவர், பட்டன்கள் எல்லாம் பழையதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் செம்புக் கம்பிக்குப் பதிலாக, ஏடிஏ என்ற சின்ன அடாப்டரில் போனை இணைக்கிறார்கள். டயல் டோன் தருவதும் மணியடிக்க வைப்பதும் இதுதான். பேச்சை டிஜிட்டல் தரவாக மாற்றி, இன்டர்நெட் வழியே அனுப்பும். கால் கட்டணம் மிகக் குறைவு என்பதால், காசு போடும் வேலையே தேவைப்படாது.

எங்கெல்லாம் இருக்கிறது?

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 'ஃபியூடெல்' அமைப்பு இப்படி இலவச போன்களை நடத்துகிறது. சொந்த போன் இல்லாதவர்களுக்கு வாய்ஸ்மெயில் வசதியும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா நிறுவனம், 2021 ஆகஸ்டில் சுமார் 15,000 பொது போன்களில் உள்நாட்டு அழைப்புகளை இலவசமாக்கியது.

நியூயார்க் வேறு வழியில் போனது. நகரின் கடைசி பொது போன் 2022 மே 23-ல் அகற்றப்பட்டது. இலவச வைஃபை, உள்நாட்டு அழைப்பு, சார்ஜிங் வசதி, 911 அவசர பட்டன் கொண்ட 'லிங்க்என்ஒய்சி' கம்பங்கள்தான் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன.

பிரிட்டனில் சிவப்பு போன் கூண்டுகளை உள்ளூர் அமைப்புகள் 1 பவுண்டுக்கு வாங்கலாம். பல கூண்டுகளில் போனுக்குப் பதில், இதயத் துடிப்பு திடீரென நின்றால் உயிர்காக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி இருக்கிறது.

என்ன சிக்கல்?

பழைய போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியாகவே வந்துவிடும். அங்கே பேட்டரியும் இருப்பதால், ஊரில் கரண்ட் போனாலும் பேசலாம். புது முறையில் கரண்ட் போனால் அடாப்டரும் ரவுட்டரும் நின்றுவிடும். யுபிஎஸ் வைத்தாலும், அந்தப் பகுதியில் இன்டர்நெட் போய்விட்டால் பேச முடியாது.

யாருக்குப் பயன்?

வீடில்லாதவர்கள், வன்முறைக்குத் தப்பி கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறுபவர்கள், மொபைல் சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள். இவர்களுக்கு இந்த போன் பழைய நினைவுப்பொருள் அல்ல. உதவி கேட்க இருக்கும் ஒரே வழியாகவும் இருக்கலாம். அதனால், பழுதுபார்த்து நிறுத்தினால் மட்டும் போதாது. கரண்ட் போன நேரத்திலும் டயல் டோன் கேட்கணும்.