பராபரன் யாருடைய சொல்?

தாயுமானவரின் பராபரக்கண்ணியில் 389 கண்ணிகள். ஒவ்வொன்றும் ‘பராபரமே’ என்ற விளியில் போய் முடியும். சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் கலந்த அந்தப் பாட்டுக்கு ஏறக்குறைய நூறாண்டு பின்னால், தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து சென்னையில் அடங்கிய சூஃபி ஞானி மஸ்தான் சாகிபு (1792–1838) அதே தலைப்பில், அதே விளியோடு நூறு கண்ணிகள் பாடினார். இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், சென்னை வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் பப்ரிசியுஸ் விவிலியத்தைத் தமிழாக்கினார். வானையும் பூமியையும் படைத்தவருக்கு அவர் எழுதிய பெயரும் பராபரன்தான். கடவுளின் பெயரை வெவ்வேறு சமயத்தார் பகிர்ந்துகொள்ளலாமா என்ற கேள்வி நம் காலத்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தமிழில் அது எப்போதோ நடந்துவிட்ட காரியம். எப்படி நடந்தது என்பதை இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

வடமொழியில் பரம் என்றால் மேலானது, அபரம் என்றால் அதற்குக் கீழானது. முன்னது, பின்னது என்றும் பொருள் கொள்ளலாம். பர, அபர இரண்டும் சேர்ந்தால் பராபர. மேலும் கீழும், முன்னும் பின்னும் தானே ஆனது என்பது சொல்லுக்குள் இருக்கும் கருத்து. தமிழுக்கு வந்ததும் அது பால் விகுதிகளை ஏற்றுப் பராபரம், பராபரன், பராபரை என்று மூன்றாகப் பிரிந்தது. பராபரன் சிவன், பராபரை சக்தி, பராபரம் ஆண் பெண் என்ற வேறுபாட்டைக் கடந்த பரம்பொருள். திருமந்திரக் காலத்திலிருந்தே சைவத்தில் புழங்கும் சொல் இது. ஆனாலும் சிவன், நடராசன், நீலகண்டன் என்ற பெயர்களோடு இதைச் சேர்த்து எண்ண முடியாது. நீலகண்டன் என்றால் நஞ்சுண்ட கதை கூடவே வந்துவிடும். பராபரனுக்குக் கதை இல்லை, தலம் இல்லை, வாகனம் இல்லை. இந்தச் சொல் எல்லாரிடமும் போய்ச் சேர முடிந்ததற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் எழுதினார். கையெழுத்துப் படியாகவே கிடந்து 1867இல்தான் சென்னையில் அச்சேறிய நூல் அது. மும்மூர்த்திகளுக்கும் கிராம தேவதைகளுக்கும் முன்னதாக அவர் வைத்த தலைப்பு பராபரவஸ்து. எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே உருவமற்ற பரம்பொருள் ஒன்று உண்டு என்று இவ்வூர் மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்று அவர் பதிவு செய்கிறார். ஆக, பப்ரிசியுஸ் பராபரனைப் புதிதாக உண்டாக்கவில்லை. தம் சபையின் முன்னோர் தமிழரிடம் கேட்டறிந்த சொல்லையே எடுத்தாண்டார். எடுக்கும்போது ஒரு தேர்வும் செய்தார். தாயுமானவரும் மஸ்தான் சாகிபும் ‘பராபரமே’ என்று அஃறிணையில் விளித்தார்கள். விவிலியத்தின் கடவுள் பேசுகிறவர், கோபிக்கிறவர், உடன்படிக்கை செய்கிறவர். அவருக்கு அன் விகுதி வேண்டியிருந்தது. பராபரையைக் கிறிஸ்தவம் தொடவே இல்லை. ஒரே சொற்குடும்பத்திலிருந்து அவரவர் கோட்பாட்டுக்கு ஏற்ற உறுப்பை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். பப்ரிசியுசின் தாய்மொழியிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஆங்கிலத்தில் காட், ஜெர்மனில் கோட் என்று வழங்கும் சொல், ஜெர்மானியக் குடிகள் கிறிஸ்தவத்துக்கு மாறும் முன்பே அவர்கள் தங்கள் தெய்வங்களுக்கு வழங்கிய அஃறிணைச் சொல். மதம் மாறியபின் அதுவே ஆண்பாலாயிற்று. பராபரம் பராபரன் ஆனதும் அதே வழியில்தான்.

பிறர் சொல்லை எடுத்தால் பிறர் பொருளும் ஒட்டிக்கொண்டு வருமே என்பது பழைய ஆட்சேபம், வலுவான ஆட்சேபமும்கூட. கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லில் நிலைகொள்ளாமல் தவித்ததற்கு இந்த அச்சமே காரணம். 1578இல் கொல்லத்தில் அச்சான அன்றீக்கே அடிகளின் நூலுக்குத் தம்பிரான் வணக்கம் என்று பெயர். அந்தத் தம்பிரானின் தோழர் என்றுதான் சைவர்கள் சுந்தரரைச் சொல்வார்கள். கத்தோலிக்கர் பல தலைமுறைகள் சர்வேசுரன் என்றார்கள். அதற்குள் ஈசுவரன் இருக்கிறார். 1871இல் முழுமை பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு பராபரனை விட்டுத் தேவனுக்கு மாறியது. தேவனுக்கோ தேவியும் உண்டு, தேவர்கள் முப்பத்து முக்கோடியும் உண்டு. ஆனால் விவிலியத்தின் மூலமொழிகளிலும் மெய்க்கடவுளுக்கும் பொய்த்தெய்வங்களுக்கும் ஒரே சொல்தான் வருகிறது. பன்மை ஏற்காத பராபரனால் அந்த இடங்களைச் சமாளிக்க முடியாது, தேவனால் முடியும். 1995இல் வந்த திருவிவிலியம் கடவுள் என்ற சொல்லைக் கொண்டது. அதுவும் சங்க காலத்திலிருந்து முருகனுக்கும் பிற தெய்வங்களுக்கும் வழங்கிய சொல்லே. நானூறு ஆண்டுகள் தேடியும் பிறர் கை படாத சொல் ஒன்று அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கேட்பவருக்கு அது புரிந்திருக்காது. பழைய பொருள் ஒட்டிக்கொண்டு வருவதால்தான் புதிய செய்தி காதில் ஏறுகிறது. பிறகு அந்தப் பொருளைத் திருத்துவது பயனிலைகளின் வேலை. பராபரன் என்ன செய்தார், யாரை அனுப்பினார், எதைத் தடுத்தார் என்று அடுத்தடுத்து வரும் வாக்கியங்களைக் கேட்ட எந்த லுத்தரன் விசுவாசியும் அவரைச் சிவனென்று எண்ணிக் குழம்பியிருக்க முடியாது.

எதிர்த்திசையிலிருந்தும் புகார் உண்டு: எங்கள் சொல்லைப் போர்த்திக்கொண்டு எங்கள் மக்களை இழுக்கிறார்கள் என்பது. மதமாற்றத்தின் வரலாற்றை அறிந்தவர் இந்தக் குறையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அது கொண்டவரின் நோக்கத்தைப் பற்றிய குறை. சொல்லைப் பொறுத்தவரை, கொடுத்தவர் எதையும் இழக்கவில்லை. பப்ரிசியுசுக்குப் பிறகும் பராபரக்கண்ணி பராபரக்கண்ணியாகவே ஓதப்படுகிறது. மஸ்தான் சாகிபு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதற்காகச் சைவர்கள் சண்டைக்கு வரவில்லை. திருத்தணிகைச் சரவணப் பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலையே பாடினார்.

எல்லாப் பெயரும் இப்படிக் கைமாறுமா என்றால், மாறாது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியார் 1549இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கடவுளுக்கு முதலில் தைநிச்சி என்ற பெயரைச் சொன்னார். அது சிங்கோன் பௌத்தர் வணங்கும் புத்தரின் பெயர் என்று தெரிந்ததும் கைவிட்டு, லத்தீன் தேயுஸ் என்பதையே வழங்கச் செய்தார். பண்பைச் சொல்லும் பெயர் பொதுவாகலாம். ஒருவரை மட்டும் சுட்டும் இடுபெயர் ஆகாது. எது எந்த வகை என்பதை அகராதி தீர்மானிக்காது, புழக்கம் தீர்மானிக்கும். அல்லாஹ் என்பது அரபு பேசும் கிறிஸ்தவருக்கு அன்றாடச் சொல். தமிழில் அது இஸ்லாத்தின் இடுபெயராகவே நின்றுவிட்டதால் தமிழ்க் கிறிஸ்தவர் அதை நாடவே இல்லை. மலாய் பேசும் கிறிஸ்தவருக்கோ 1629இல் அச்சான மத்தேயு நற்செய்தியிலிருந்தே கடவுள் என்றால் அல்லாஹ்தான். மலேசிய அரசு 1986இல் கிறிஸ்தவ வெளியீடுகளுக்கு அதைத் தடைசெய்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கிலும் வந்த ஹெரால்டு என்ற கத்தோலிக்க வார இதழ், தன் மலாய்ப் பக்கங்களுக்காக வழக்காடி 2009இல் வென்றது, 2013இல் மேல்முறையீட்டில் தோற்றது. அச்சொல் கிறிஸ்தவ நம்பிக்கையின் இன்றியமையாப் பகுதி அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. நானூறாண்டுப் புழக்கத்துக்கு இப்படி அளவுகோல் வைப்பது தவறு. ஒரு மக்கள் தம் தாய்மொழியில் கடவுளை அழைக்கும் சொல் அவர்களுக்கு இன்றியமையாததா என்பதை அவர்களே அறிவார்கள். 2021இல் இன்னொரு வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த 1986ஆம் ஆண்டு உத்தரவே சட்டத்துக்குப் புறம்பானது என்றது.

பெயரைப் பகிர்ந்தால் நம்பிக்கையின் தனித்தன்மை கரைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் தமிழ் முஸ்லிம்களின் கலிமா மொழிபெயர்ப்பைப் பார்க்க வேண்டும். அல்லாஹ்வைத் தவிர வேறொருவர் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லும் அந்த வாக்கியத்தில், வணக்கத்துக்கு உரியவரைக் குறிக்கப் பரவலாக வழங்குவது நாயன் என்ற சொல். இடைக்காலக் கோயில் கல்வெட்டுகளில் சிவபெருமான் நாயனார்; அறுபத்து மூவரும் நாயன்மார்; தமிழ்ச் சமணர் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வது நயினார். இத்தனை பேர் புழங்கிய சொல்லைக் கொண்டுதான் இணையில்லாத ஒருவனைச் சாட்சி சொல்கிறார்கள். சாட்சியத்தின் உறுதி அதனால் இம்மியும் குறையவில்லை.