மண்ணில் இருப்பதும் கணக்கில் வருவதும்



திருக்கோவில் பக்கம் இல்மனைட் மணல் பேச்சு எழும்பும்போதெல்லாம், "நம்ம கரையில எவ்வளவு கிடக்கு?" என்றுதான் கேட்கிறோம். அது பாதிக் கேள்விதான். மீதியை இந்தியாவின் கோலார் தங்கவயல் வரலாறு சொல்லித்தரும்.

1799ல் திப்பு சுல்தான் ஷஹீதான பின், மைசூரின் எல்லையை அளக்க வந்தவர் லெப்டினன்ட் ஜோன் வாரன். அங்கு தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, 1802ல் ஊர்மக்களைத் தன் கண்முன்னே மண் அரிக்கச் செய்தார். தங்கத்தூள் தெரிந்தது. வெள்ளையர் "கண்டுபிடிக்க" முன்பே ஊராருக்குத் தெரிந்த விசயம் அது. 1880ல் ஜோன் டெய்லர் கம்பனி வந்தது. பழங்காலத்தவர் தோண்டிய குழிகளின் வழியே இறங்கித்தான் அவர்களும் நல்ல படிவைப் பிடித்தார்கள்.

படிவை எப்படி மதிப்பிடுவது? வட்டைக்குள் நாலு இடத்தில் கதிர் பார்த்து "ஏக்கருக்கு இத்தனை மூடை" என்கிறோமே, அதே மாதிரிதான். பல இடங்களில் துளையிட்டுப் பாறை மாதிரி எடுத்து, தொன்னுக்கு எத்தனை கிறாம் தங்கம், படிவின் நீளம், தடிப்பு, ஆழம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். ஆனால் வெட்டுக்கூலி நெல் விலையைத் தாண்டினால் விளைச்சல் இருந்தும் பயனில்லை. எடுக்கும் செலவு போக இலாபம் தருவதை மட்டுமே "தாது இருப்பு" என்பார்கள்.

கோலாரில் ஆரம்பத்தில் தொன்னுக்கு 40 கிறாமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் சுமார் 3 கிறாம். சுரங்கமோ 3 கிலோமீற்றரையும் தாண்டி ஆழமாகிவிட்டது. 120 வருடங்களில் ஏறக்குறைய 800 தொன் தங்கம் எடுத்த பின், 2001 பெப்ரவரி 28ல் மூடினார்கள். தங்கம் முற்றாகத் தீரவில்லை. செலவுதான் வரவை மிஞ்சியது.

ஆனால் அந்தச் செலவுக் கணக்கில் எல்லாம் சேர்ந்திருந்ததா? சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். பாறைத்தூசு அவர்களின் நுரையீரலை அரித்தது. தங்கம் பிரித்த கழிவு "சயனைட் மேடு" என்ற பெயரில் இன்றும் ஊருக்குள் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. கம்பனியின் கணக்கு முடிந்துவிட்டது. ஊரின் கணக்கு முடியவில்லை.

ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடலரிப்பு எத்தனை தென்னைகளை விழுங்கியது என்று நமக்குத் தெரியும். ஆகவே நமது கரையோரத்தில் யார் மணலை அளக்க வந்தாலும், எவ்வளவு இருக்கிறது என்பதோடு இதையும் கேட்போம்: கரைவலைக்காரரின் தொழிலும், கரையோரக் கிணற்றுத் தண்ணீரும், கடலரிப்பும் உங்கள் செலவுக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன?