மகளிர் மட்டும் ஏறிய மரக்கலம்

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் ஒரு விதி கூறியிருக்கிறார். உரையாசிரியர்கள் அதற்கு வேறு பொருளும் கண்டுள்ளனர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. பெண்ணைக் கடலினின்று விலக்கிவைக்கும் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதே ஈண்டு கருதத்தக்கது. பிரெஞ்சு நாட்டிலோ, அரசனுடைய கடற்படைக் கப்பல்களில் பெண்கள் ஏறலாகாது என்று சட்டமே செய்திருந்தனர்.

அச்சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேதான் உலகைச் சுற்றிவந்த முதற் பெண்மணி கப்பலேறினார். ழான் பாரே என்பது அவ்வம்மையாரின் பெயர். மார்பைத் துணியால் இறுகக் கட்டி, ஆணுடை பூண்டு, கொம்மெர்சன் என்னும் தாவர நூல் வல்லுநரின் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு, பூகன்வீலின் கடற்பயணக் குழுவில் சேர்ந்தார். 1768ஆம் ஆண்டில் தாகித்தித் தீவை அடைந்தபோது உண்மை வெளிப்பட்டது. பின்னர் மொரீசியசில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தே அவர் தாயகம் திரும்பினார்.

கப்பலில் பயணியாகச் செல்வது வேறு. கப்பலைச் செலுத்துவது வேறு. 'ரஜுலா' போன்ற கப்பல்களில் வங்கக் கடலைக் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்டிர் பல்லாயிரவர். ஆயினும் சுக்கானைத் தொட்டவர் அவருள் எவருமிலர். உலகெங்கும் இதுவே நிலை. எப்போதேனும் ஒரு பெண் கப்பலைச் செலுத்த நேர்ந்தால், அது நெருக்கடியின் விளைவாகவே இருந்தது. 1856இல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சென்ற 'நெப்டியூன்ஸ் கார்' என்னும் பாய்க்கப்பலில் அத்தகைய நெருக்கடி நேர்ந்தது. தலைவர் பேட்டன் நோயில் வீழ்ந்தார். முதல் துணைவரோ கடமை தவறியதற்காகச் சிறைவைக்கப்பட்டிருந்தார். இரண்டாம் துணைவருக்கு வழி கணிக்கத் தெரியாது. தலைவரின் மனைவி மேரிக்கு அப்போது வயது 19, கருவுற்றிருந்தார். முன்னைய பயணத்தில் கணவரிடம் கற்ற கணிப்பு முறையைக் கொண்டு, கொடிய ஆர்ன் முனையைச் சுற்றிக் கப்பலைக் கரை சேர்த்தார். அனைவரும் போற்றினர். ஆனால் அதன்பின் வேறொரு பெண்ணுக்குக் கப்பல் கொடுத்தாரில்லை.

விளையாட்டுத் துறையிலும் இந்நிலை நெடுநாள் நீடித்தது. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கணவரின் படகில் உடன் ஏறி வெற்றி கண்ட எலன் டி பூர்த்தலேஸ் சீமாட்டியே ஒலிம்பிக்கில் வென்ற முதற் பெண்மணி ஆவார். எனினும் பெண்களுக்கென்றே ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் ஒலிம்பிக்கில் இடம்பெற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆடவர் படகில் ஓரிடம் கொடுக்க மனம் வந்தவர்களுக்குப் படகையே கொடுக்க 88 ஆண்டுகள் மனம் வரவில்லை!

அதற்கு அடுத்த ஆண்டில்தான் 'மெய்டன்' புறப்பட்டது. மெய்டன் என்றால் கன்னி.

டிரேசி எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் 1985-86ஆம் ஆண்டின் விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஒரு படகில் சமையற்காரியாகச் சென்றவர். ஆடவர் நிறைந்த படகில் பெண்ணுக்கு அடுப்படியைத் தவிர வேறிடம் எளிதில் கிடைக்காது என்பதை அங்கே கண்டார். பெண்கள் மட்டுமே கூடினால் பாய் ஏற்றுவதும், பாய்மரம் ஏறுவதும், வழி கணிப்பதும், சுக்கான் பிடிப்பதும் அவர்கள் கைக்கே வந்து தீரும் அல்லவா? 'நீ தள்ளி நில், நான் இழுக்கிறேன்' என்று வடத்தைப் பறிக்க அங்கு ஆளிராது. எட்வர்ட்ஸின் முயற்சியை நியாயப்படுத்த இவ்வொரு காரணமே போதும்.

பணந்தான் கிடைக்கவில்லை. கடலில் இப்பெண்கள் மடிந்தால் தமக்குப் பழி வரும் என்று நிறுவனங்கள் அஞ்சின. அவர் தம் வீட்டை அடகு வைத்து, 58 அடி நீளமுள்ள பழைய படகொன்றைச் சிதைந்த நிலையில் வாங்கினார். பல நாட்டுப் பெண்கள் வந்து கூடி, அதைத் தங்கள் கையாலேயே பிரித்து, தேய்த்து, வண்ணம் பூசிப் புதுக்கினர். படகின் ஒவ்வொரு மூட்டும் இணைப்பும் அவர்களுக்கு அத்துப்படியாயிற்று. இறுதியில் உதவியவர் ஜோர்டான் மன்னர் உசேன். எட்வர்ட்ஸ் முன்பு ஒரு படகில் பணிப்பெண்ணாக இருந்தபோது அறிமுகமானவர். அவர் நாட்டு விமான நிறுவனம் செலவை ஏற்றது. புறப்படுமுன் அனுபவம் மிக்க துணைத் தலைவியோடு பிணக்கு நேர்ந்து அவர் விலகவே, தலைமையும் வழி கணிப்பும் எட்வர்ட்ஸ் ஒருவர் தோளிலேயே விழுந்தன. அப்போது அவருக்கு வயது 26.

1989 செப்டம்பர் 2ஆம் நாள் சவுத்தாம்டனிலிருந்து படகுகள் புறப்பட்டன. ஆடவர் படகுத் தலைவர்களிடம் காற்றைப் பற்றியும் உத்தியைப் பற்றியும் கேட்ட செய்தியாளர்கள், இவர்களிடம் 'உங்களுக்குள் சண்டை வருமா?' என்று கேட்டனர். ஒருவர் எழுதவும் கூசும் சொல்லால் இகழ்ந்தார்.

இரண்டாம் கட்டம் உருகுவேயின் புண்டா டெல் எஸ்டேயிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் வரை. பனிப்பாறைகள் மிதக்கும் தென்பெருங்கடல் வழி அது. அக்கட்டத்தில் வேறொரு படகிலிருந்து இருவர் கடலில் வீழ்ந்தனர். மீட்கப்பட்டவர்களைப் பிழைக்கவைக்க மெய்டனில் இருந்த மருத்துவர் கிளேர் ரசல் வானொலி வழியே நெறிகாட்டினார். ஒருவர் பிழைத்தார், மற்றவர் இறந்தார். அந்தக் கடலில்தான் மெய்டன் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அடுத்து ஆக்லாந்து வரையிலான கட்டத்திலும் முதலிடம் பெற்றது. இகழ்ந்தோர் வாயடைத்தனர்.

ஆர்ன் முனையைச் சுற்றும் கட்டத்தில் படகுக்குள் நீர் புகுந்து, பெற்றிருந்த முன்னிலை பறிபோயிற்று. அதன்பின் அமெரிக்காவின் போர்ட் லாடர்டேல் துறையில் பெண்கள் நீச்சலுடையோடு நுழைந்த படமே, இரு கட்டங்களில் வென்ற செய்தியைக் காட்டிலும் மிகுதியாகப் பரவியது. செய்தித்தாள்களின் சுவை அத்தகையது! 1990 மே 28ஆம் நாள் சவுத்தாம்டனுக்குத் திரும்பியபோது மெய்டன் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றிருந்தது. பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த படகோட்டி விருதைப் பெற்ற முதற் பெண்மணி என்னும் சிறப்பு எட்வர்ட்ஸைச் சேர்ந்தது.

கடன் சுமையால் படகு விற்கப்பட்டுப் பலர் கைமாறியது. 2014இல் அது சீசெல்ஸ் தீவில் பாழாய்க் கிடப்பது தெரியவந்தது. எட்வர்ட்ஸ் பொதுமக்களிடம் பணம் திரட்டி மீட்டார். மன்னர் உசேனின் மகள் ஹயா புதுக்க உதவினார். 2023 செப்டம்பரில் அதே படகு, பழங்கால முறைப்படி செயற்கைக்கோள் கருவிகளின்றி, கதிரவனையும் விண்மீன்களையும் பார்த்து வழி கணித்துச் செல்லும் ஓஷன் குளோப் பந்தயத்தில் இறங்கியது. தலைவி ஹெதர் தாமஸ். ஆண்டிகுவா, தென்னாப்பிரிக்கா, ஆப்கானிஸ்தான், இந்தியா ஆகிய நாட்டுப் பெண்களும் அதில் இருந்தனர். 2024இல் அவர்கள் அப்பந்தயத்தையே வென்றனர். உலகச் சுற்றுப் பந்தயம் ஒன்றைப் பெண்களே வென்றது அதுவே முதன்முறை.

அதில் இருந்த இந்தியப் பெண் பாயல் குப்தா, அதற்கு முன்பே 'தாரிணி' என்னும் படகில் உலகைச் சுற்றியவர். இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர், வர்த்திகா ஜோஷியின் தலைமையில், 2017 செப்டம்பர் 10இல் கோவாவிலிருந்து அப்படகில் புறப்பட்டு 2018 மே 21இல் திரும்பினர். வழியனுப்பியவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சரும் மதுரையில் பிறந்தவருமான நிர்மலா சீதாராமன்.

அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் இருவர் மட்டும் ஏறினர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. பிரிமேண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், பாக்லாந்துத் தீவுகள், கேப்டவுன் ஆகிய துறைகளைத் தொட்டு, ஆர்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29இல் கோவாவை அடைந்தனர். எட்டுத் திங்கள் நீண்ட அப்பயணத்தில், கடலில் சென்ற நாள்களிலெல்லாம், ஒருவர் உறங்கும்போது மற்றவரே படகு முழுவதற்கும் பொறுப்பாக இருந்தார்.