போய்வர ஒரு வாசல்

1969ஆம் ஆண்டு, பாரிஸ் மாநகருக்குத் தென்கிழக்கே, மார்ன் ஆற்றை அடுத்த பொன்னேய் என்னும் ஊரில் புதுமையான பள்ளி ஒன்று தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர் மோத் மன்னோனி என்னும் உளப்பகுப்பாய்வாளர். 1923இல் பெல்ஜியத்தில் பிறந்த இவ்வம்மையார், இளமையில் சில ஆண்டுகள் இலங்கையில் வளர்ந்தவர். ரொபேர் லெஃபோர் என்னும் மருத்துவரும் கெரேன் தம்பதியரும் அவருக்குத் துணை நின்றனர்.

மனப்பிறழ்வுற்றோர் என மருத்துவம் முத்திரையிட்ட பிள்ளைகள் பலருக்கு அந்நாளில் வாய்த்த இடம் மனநோய் மருத்துவமனையே. இன்று ஆட்டிசம் என்று அறியப்படும் நிலையினரும் அவர்களுள் அடங்குவர். நோயாளி என்ற பெயரும் அடைபட்ட வாழ்வும் அப்பிள்ளைகளை மேலும் நலிவிக்கின்றன என்பது மன்னோனியின் துணிபு.

ஆகவே, பொன்னேயில் சமையலும் துப்புரவும் பாடமும் கைத்தொழிலும் பெரியவர்க்கும் சிறுவர்க்கும் பொதுவாயின. கூடிப் பேசும் வேளையில் பிள்ளையின் சொல்லோடு, சொல்லற்ற செய்கையும் மதிக்கப்பட்டது. அதனினும் அரியது, பள்ளி தன் சுவர்களைத் தானே கடந்தமை. பிள்ளைகள் தொலைவிலுள்ள உழவர் இல்லங்களுக்கும் கைவினைஞர் பட்டறைகளுக்கும் சென்று தங்கி மீண்டனர்.

இப்போக்குவரவு எதற்காக? ஒன்றரை வயதுப் பேரனின் விளையாட்டு ஒன்றை 1920இல் ஃபிராய்ட் எழுதினார். நூல் சுற்றிய கட்டையை அக்குழந்தை கண்மறைய எறியும். பின்னர் இழுத்துக் களிக்கும். தாய் பிரிவதையும் திரும்புவதையும் அது இவ்வாறு தன்வயப்படுத்தியது என்பது அவர் விளக்கம். ஓரிடத்திலேயே கட்டுண்ட பிள்ளைக்குப் 'போனேன், வந்தேன்' என்று சொல்ல வாய்ப்பேது? பிரிவும் மீட்சியும் அமைந்த இடத்திலன்றோ சொல் பிறக்கும்!

1975இல் பொன்னேய் பகல்நேர மருத்துவமனையாக அரசின் ஏற்பைப் பெற்றது. 1998இல் மன்னோனி மறைந்தார்.

எனினும், வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அக்கால உளப்பகுப்பாய்வாளர் சிலர், பிள்ளையின் நிலைக்குத் தாயையே காரணமாக்கினர். குற்றமற்ற தாய்மார் பலர் அப்பழியைச் சுமந்தனர். ஆட்டிசம் மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, வளர்ப்பின் பிழையன்று என்பதை இன்றைய அறிவியல் தெளிவாக்கியுள்ளது. ஆட்டிசத்தில் உளப்பகுப்பாய்வு முறையின் பொருத்தம் நிறுவப்படவில்லை என்று 2012இல் பிரான்சின் உயர்நல ஆணையமும் அறிவித்தது.

கோட்பாடு தளர்ந்தது, அடைத்து வைத்தல் மருந்தாகாது என்னும் பாடம் தளரவில்லை. விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளை எந்நாட்டிலும் உண்டு. அப்பிள்ளைக்கும் போய்வர ஒரு வாசல் வேண்டும். வந்ததும் 'வா' என்றழைக்க ஒரு குரலும் வேண்டும்.