பள்ளி யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

சர்க்கார் ஒரு பாலம் கட்டினால், அதன் உறுதியை அடுத்த மழைக்காலமே சொல்லிவிடும். பள்ளிக்கூடம் ஒன்றை நிறுவினாலோ, அதன் பயன் தெரிய ஒரு தலைமுறை செல்லும். ஆதலால், கல்விக்கெனச் செலவாகும் பொதுப்பணம் உரிய பயனைத் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது, கேட்கும் உரிமை யாருக்கு, விடை சொல்லும் கடமை யாருக்கு என்னும் வினாக்கள் இருநூறு ஆண்டுகளாக நம் நாட்டில் எழுந்தவண்ணம் உள்ளன. அவற்றுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைத் தொகுத்து நோக்குவது, பள்ளி செல்லும் குழந்தைகளையுடைய நம் போன்ற குடும்பத்தார்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் மாதத்தில், மாகாணத்திலுள்ள பள்ளிகளையும் மாணாக்கர்களையும் எண்ணி அறிவிக்குமாறு கலெக்டர்களைப் பணித்தார். அவர்கள் அனுப்பிய விவரங்களைத் திரட்டி 1826 மார்ச்சில் அவர் ஒரு குறிப்பு வரைந்தார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. கல்விச் சாலைகள் 12,498. அஃதாவது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்கள் 4,540 பேரே.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் ஊரார் அளித்த கூலியால் நடந்தவை. உபாத்தியாயர் கணக்குச் சொல்ல வேண்டியது அவ்வூர்ப் பெற்றோருக்கே. இஃது ஒரு நலம். ஆயின், கூலி கொடுக்க இயலாதோரும், தாழ்த்தப்பட்டோரும், பெண்மக்களும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற முடியவில்லை. பள்ளிக்கு வாராத பிள்ளையின் பொருட்டு எவரும் எவரையும் கேட்கவில்லை. உபாத்தியாயர்கள் மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் பெறுவதில்லை என்றும், தகுதியுடையோரை ஈர்க்க அவ்வூதியம் போதாதென்றும் மன்றோ எழுதினார். தாலுகாதோறும் சர்க்கார் செலவில் பள்ளி அமைக்க அவர் திட்டமிட்டார். 1827இல் அவர் காலமான பின் அத்திட்டம் தளர்ந்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

தேர்ச்சிக்கு இவ்வளவு, தோல்விக்கு இவ்வளவு

1854இல் ஸர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி மாகாணந்தோறும் கல்வி இலாகா தோன்றியது. பள்ளிகளைப் பார்வையிட இன்ஸ்பெக்டர்கள் நியமனம் பெற்றனர். தனியார் நடத்திய பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையும் வந்தது. மானியம் கொடுப்பவர் பயனைக் கேட்பது முறையே. ஆயினும், அப்பயனை எந்த அளவுகோலால் அளப்பது?

இதற்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே கல்வித் துறையைக் கவனித்துவந்த ராபர்ட் லோ என்பவர் 1862இல் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் இன்ஸ்பெக்டர் குழந்தைகளைத் தனித்தனியே சோதிப்பார். மூன்றிலும் தேறிய குழந்தைக்குப் பள்ளி 8 ஷில்லிங் பெறும். ஒவ்வொரு பாடத் தோல்விக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். வருகைக்கு மட்டும் தனியே 4 ஷில்லிங் உண்டு. இம்முறையால் கல்வி மலிவாகவேனும் இருக்கும், அன்றேல் திறமுடையதாகவேனும் இருக்கும் என்று லோ பார்லிமெண்டில் வாதிட்டார்.

காகிதத்தில் இதைவிட நேர்மையான கணக்கு வேறில்லை என்றே தோன்றும். விளைந்தது வேறு. மானியம் தரும் மூன்று பாடங்களே பள்ளியை நிரப்பின; சரித்திரமும் பூகோளமும் ஒதுங்கின. குறித்த ஒரே புத்தகத்தை ஆண்டு முழுதும் ஓதிய பிள்ளைகள் அதனை நெட்டுருப் போட்டனர். கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்டு அக்காலத்தில் பள்ளி இன்ஸ்பெக்டராகப் பணியாற்றிவந்தார். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாத பிள்ளைகளையும் தந்திரமான பயிற்சியால் இச்சோதனையில் தேறச் செய்துவிடலாம் என்று, தாம் நேரிற் கண்டதைக்கொண்டு அவர் சர்க்காருக்கே அறிக்கை எழுதினார். அளவுகோலைத் திருப்திப்படுத்தும் வித்தையைப் பள்ளி கற்றுக்கொண்டது. பிள்ளை கற்றதோ சிறிதே.

இம்முறையே 1860களில் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துச் சென்ற பின்னரே மானியம். தேறக்கூடிய பிள்ளையே உபாத்தியாயருக்கு வருவாய். மெல்லக் கற்கும் பிள்ளையும், வயல்வேலைக்காக இடையிடையே நின்றுவிடும் பிள்ளையும் அவருக்கு நஷ்டம். வறியவன் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துப் பாடுபடுவதற்கு இக்கணக்கில் பரிசு ஏதும் இல்லை.

பூனாவிலிருந்து ஒரு குரல்

1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் கல்விக் கமிஷன் ஒன்று அமைந்தது. அதன்முன், பூனாவைச் சேர்ந்த மஹாத்மா ஜோதிராவ் புலே ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தார். 1848இலேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, துணைவியார் சாவித்திரிபாயுடன் நடத்திய அனுபவம் உடையவர் அவர். பன்னிரண்டு வயது வரை தொடக்கக் கல்வி கட்டாயமாதல் வேண்டும் என்றார். பலனுக்கேற்ற மானியம் எளிய மக்களிடையே பயன்படாது. அவர்களிடம் கல்வியில் நாட்டம் இன்னும் வேரூன்றாதபோது, தேர்ச்சிப் பணத்தை நம்பி எந்த உபாத்தியாயரும் அங்கே பள்ளி திறக்கமாட்டார் என்றார். பன்னிரண்டு ரூபாய்க்குக் குறைந்த ஊதியம் உபாத்தியாயருக்குக் கூடாது என்றும் கேட்டார்.

மேற்பார்வை வேண்டாம் என்று புலே சொல்லவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். ஆண்டுக்கொருமுறை அதிகாரி வந்து போவதால் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வரவேண்டும். முன்னறிவிப்பின்றியும் வரவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. பள்ளியைக் கேள்வி கேட்கலாம். ஆனால் கேள்வியின் சுமை ஏழைப் பிள்ளையின் தலையில் விழக்கூடாது என்பது அவர் கருத்தின் சாரம்.

கமிஷன் அக்குரலை முழுதும் ஏற்கவில்லை. பிற்பட்ட பகுதிகளுக்கு விலக்களித்து, தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்ச்சியை ஒட்டிய மானியத்தையே பெரும்பாலும் பரிந்துரைத்தது. இங்கிலாந்து 1890களில் அம்முறையைக் கைவிட்டது. இந்தியாவில், கர்ஸன் பிரபுவின் 1904 மார்ச் தீர்மானம் அதற்கு முடிவு கட்டியது.

சட்டம் தந்த உரிமை

அதன்பின் வினாவின் திசை மாறிற்று. பள்ளி என்ன செய்தது என்று கேட்ட சர்க்காரை நோக்கி, நீ என்ன செய்தாய் என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். 1911இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாயத் தொடக்கக் கல்விக்கு மசோதா கொணர்ந்தார். மறு ஆண்டு அது 13க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. 1950இல் அரசியல் சாசனத்தின் 45ஆம் விதி, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்றது. பத்தாண்டுகள் கழிந்தன, கேட்க வழியில்லை, ஏனெனில் அது நெறியே தவிர உரிமையன்று. 2002இல் நிறைவேறிய 86ஆம் திருத்தம் அதனை அடிப்படை உரிமையாக்கியது; 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு நம் கவனத்துக்குரியது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் நிர்வாகக் குழு அமைய வேண்டும், உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடைபெறும் விதத்தையும், மானியம் செலவாகும் விதத்தையும் கண்காணிப்பது அக்குழுவின் வேலை. திண்ணைப் பள்ளிக் காலத்தில் கூலி கொடுத்தவருக்கு மட்டும் இருந்த கேட்கும் உரிமை, இன்று கூலி கொடுக்க இயலாத தாய்க்கும் சட்டப்படி வந்துள்ளது. 2019இன் திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மீண்டும் பரீட்சையைக் கொணர்ந்து, மறுபரீட்சையிலும் தேறாதவரை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அரசுகளுக்கு அளித்தபோது, கணக்கின் சுமை மறுபடியும் பிள்ளையின்மேல் சாயுமோ என்ற கவலை எழுந்தது. லோவின் வரலாற்றை அறிந்தவர் அக்கவலையை எளிதில் தள்ளிவிடமாட்டார்.

தாய்நிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. 1956இல் சேர்க்கப்பட்ட சாசனத்தின் 350ஏ விதி, மொழிச் சிறுபான்மையோர் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. ஏட்டில் உள்ள இவ்வுரிமையும் கேட்பவர் இருந்தாலன்றி வகுப்பறைக்கு வந்து சேராது.

பள்ளி நிர்வாகக் குழு கூடும் நாளில் அலுவலகத்தில் வேலை இருக்கும்; வீட்டில் விருந்தினர் இருப்பர். ஆயினும் நம்முள் ஒருவர் சென்று அமர்ந்து, செலவுக் கணக்கைப் பார்த்து, எந்தப் பிள்ளை வாராமல் நின்றான், ஏன் நின்றான் என்று கேட்போமாக. மதிப்பெண்களை எண்ண ஆட்கள் பலர் உண்டு. வராத பிள்ளையை எண்ண நம்மை விட்டால் வேறு எவர்?