மலையேறியவர்களின் அத்தாட்சி

1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின், அந்தக் காடுகள் திருத்தப்பட்டுத் தேயிலை பரவிய காலத்தில், பாண்டிச் சீமையின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகளின் முன்பணத்துக்குக் கட்டுண்டு மலையேறிய குடும்பங்களுள் பெரும்பாலானவை தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவை. அவர்கள் வந்த நாளை அன்று எவரும் விசாரிக்கவில்லை. கூலிக் கணக்குக்காகத் தோட்டத்தார் வைத்திருந்த பேரேடுகளே அவர்களுடைய சரித்திரம்.

அந்த நாளை விசாரிக்கும் அவசியம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, பட்டியல் வகுப்பினர் யார் யார் என்று ராஷ்டிரபதி ஆணை பிறப்பித்ததோடு பிறந்தது. அந்தத் தேதியில் ஒரு குடும்பம் எந்த ராஜ்யத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அந்த ராஜ்யத்தின் பட்டியலுக்கே அதன் சந்ததியும் உரியது என்ற விதியை 1990-லும் 1994-லும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எல்லை கடந்தவனைத் தீண்டாமை பின்தொடர்ந்து வரும். அதற்கு ஈடாக அளிக்கப்பட்ட சலுகை எல்லையிலேயே நின்றுவிடும். இது நியாயமென்று என் மனம் ஒப்பவில்லை.

எல்லையோ ஓரிடத்தில் நிலைத்திருந்ததுமில்லை. 1956 வரை கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. அருகிலிருந்த சித்தூரோ கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டது. கண்ணன் தேவன் மலைகள் உள்ள தேவிகுளமும், பீர்மேடும் திருவிதாங்கூருக்குரியவை. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலை, அவர் கேரளத்தின் பட்டியல் வகுப்பினர் அல்லர் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்ததும், உச்ச நீதிமன்றம் 2025-இல் அத்தீர்ப்பை நீக்கியதும், ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிரூபணம் எத்தனை அரிது என்பதைக் காட்டின.

இனி, தொழில் தொடங்க விரும்பும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளை நினைத்துப் பார்ப்போம். மத்திய அரசின் துறைகள் தம் கொள்முதலில் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினரின் சிறுதொழில்களுக்கு 4 சதவிகிதம் ஒதுக்க வேண்டுமென்று 2012-ஆம் ஆண்டின் ஆணை வகுத்தது; பெண்களின் தொழில்களுக்கு 3 சதவிகிதம் 2018-இல் சேர்ந்தது. பெண் என்ற வகையில் அவள் தன் பெயரில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொண்டால் போதும். பாட்டனார் எப்போது மலையேறினார் என்று அங்கே கேள்வியில்லை. பட்டியல் வகுப்பினள் என்ற வகையில் அவள் தாசில்தாரிடம் ஜாதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு 1950-க்கு முற்பட்ட ஆதாரம் வேண்டும். தலைமுறைகளாகக் கம்பெனியின் லயம் என்னும் வரிசை வீட்டில் வாழ்ந்து, வேலை ஓய்ந்ததும் அதையும் காலி செய்யக் கடமைப்பட்ட குடும்பத்தில் நிலப்பட்டா ஏது, வீட்டுவரி ரசீது ஏது? பழைய பேரேட்டில் பாட்டனார் பெயர் அகப்படுகிறதா என்று தேடித் தோட்ட அலுவலகத்தின் வாசலில்தான் அவள் நிற்க வேண்டியிருக்கிறது.