அமிலத்தை அளந்த கதை



கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோருக்கு அமிலம் புதிதன்று. ரப்பர் பாலை உறையச் செய்வது ஃபார்மிக் அமிலம்; அளவு தவறினால் தகட்டின் தரம் கெடும். கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் அவர்கள் அறிந்த அமிலத்தன்மையை எண்ணாகச் சொல்வதே பிஎச். 7 நடுநிலை, அதற்குக் கீழே ஒவ்வொரு படிக்கும் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும்.

இவ்வளவுகோலை 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்தார். 1934-இல் அமெரிக்காவின் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றை அளப்பதற்கென மின்னணுக் கருவி ஒன்றைச் செய்தார். ஆயினும், இத்தகைய கருவிகளின் கண்ணாடிக் குமிழ் எளிதில் உடையும்.

1970-இல் நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்ட் புதுவழி கண்டார். டிரான்சிஸ்டரின் உலோக வாயிலை நீக்கி, அவ்விடத்தில் திரவமே படும்படி செய்தார். ஹைட்ரஜன் அயனிகள் காப்புப் படலத்தின்மேல் சேரச் சேர, உள்ளே ஓடும் மின்னோட்டம் மாறுகிறது. இதுவே ஐஸ்ஃபெட் உணரி. 25 பாகை செல்சியசில் ஒரு பிஎச் படிக்குக் கிடைக்கும் மாற்றம் அதிக அளவாக ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். கண்ணாடிக் குமிழ் நீங்கியது; ஒப்பீட்டு மின்வாயின் தேவை நீங்கவில்லை. அதனைச் சிறிதாக்குவதே வடிவமைப்பாளருக்குப் பெரும் சவால்.

நம் நாட்டில் 1985-இல் தொடங்கப்பட்ட மிமோஸ் நிறுவனமும் வேளாண்மைக்காக இவ்வுணரிகளை ஆராய்ந்து உருவாக்கியுள்ளது.

வகுப்பில் லிட்மஸ் தாள் நிறம் மாறும்போது இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். பால் உறையக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அச்சில்லை வடிவமைக்க வேண்டும் என்பதே என் அவா.